மரை பார்க்கப் போன செல்லசாமி

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் செல்லசாமி அளவுக்கு வீரம் பேசியவர் யாருமில்லை. சிறுத்தையைக் கம்பால் விரட்டியதாகக் கதை விடுவார். அவர் மனைவி மீனம்மா அடுப்படியிலிருந்தே, "நேத்து எலிய பாத்துக் கட்டில்ல ஏறுனதையும் சேத்துச் சொல்லுங்க" என்பாள். மனுஷனுக்கு முகம் சுண்டிப்போகும். ஆனால் அடுத்த நாளும் அதே கதைதான்.

நானுஓயாவுக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். விடியற்காலையில் தப்பு மேளம் அடித்து ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குக் கூட்டுவது அவர் வேலை. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் சங்கு வைத்ததும் அந்தத் தப்புக்கு வேலையில்லாமல் போயிற்று. கொழுந்து மலையில் மண்வெட்டி பிடித்தார். முன்பிருந்த கலகலப்பு அவரிடம் இல்லை.

அவரைத் தேடிவந்து மீட்டவர் நுவரெலியாவில் வாடகைக் கார் வைத்திருந்த ஹசன். கண்டிக்கு யானை ஊர்வலமான பெரஹர பார்க்க வருகிறவர்கள், புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையைக் கும்பிட்டு முடித்து, ஓரிரு நாள் மிச்சமிருந்தால் ரயிலேறி நானுஓயாவுக்கு வருவார்கள். ஹசன் அவர்களைப் பட்டிப்பொலைவரை காரில் கொண்டுபோவார். அங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு நடை. காடும் புல்வெளியும் சர்க்காரின் காவலில் இருந்தன. யாரும் துப்பாக்கி தூக்க முடியாது. அதனால் மிருகங்களுக்குக் குறைவில்லை. மூடுபனிக்கும் குறைவில்லை. ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரர் பனியில் வழிதவறிவிட, ஹசனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதன் பிறகுதான் செல்லசாமியை அழைத்தார். ஞாயிறுதோறும் இவர் தப்படித்துக்கொண்டு முன்னால் போவார். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் பின்னால் வருவார்கள்.

யாரும் தொலையவில்லை. ஒரு மிருகமும் கண்ணில் படவில்லை. அந்தச் சத்தத்துக்கு எது நிற்கும்? வந்தவர்கள் ஹசனிடம் சலித்துக்கொண்டார்கள். "கொஞ்சம் மெதுவா அடியேன்ப்பா" என்றால், "ஆளு தொலஞ்சா யாரு பதில் சொல்றது?" என்று செல்லசாமி எகிறுவார். உண்மைக் காரணம் மீனம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சத்தம் நின்றால் சிறுத்தை வந்துவிடும் என்ற பயம்.

ஐம்பத்தேழாம் வருடம் பெரஹர முடிந்ததும் மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டரம்மாவும் அவர் கணவரும் வந்தார்கள். தப்பைப் பார்த்த உடனேயே அந்த அம்மா சொல்லிவிட்டார்: "கண்டியில ஜோடிச்ச யானை நெறைய பாத்தாச்சு. ஜோடிக்காத மிருகம் ஒண்ணாவது பாக்கணும். இது வண்டியிலேயே இருக்கட்டும்."

ஹசன் செல்லசாமியைத் தனியே இழுத்தார். "இன்னைக்கும் ஒண்ணும் ஆப்புடலைன்னா வேற ஆளத்தான் பாக்கணும், சொல்லிட்டேன்."

செல்லசாமிக்கு உடனே கொழுந்து மலை நினைவுக்கு வந்தது. மறுபடியும் மண்வெட்டி மட்டும்தானா? தலையை ஆட்டிவிட்டு நடந்தார். ஆனால் தப்பை வண்டியில் வைக்கவில்லை. மழைக்குப் போர்த்திய கம்பளிக்குள் மறைத்துக்கொண்டார்.

மேலே பனி வழியை மூடியிருந்தது. ஹசன் கடைசியில் வந்தார். புல்லுக்குள் ஏதோ பெருமூச்சு விட்டது. செல்லசாமியின் கை தானாகத் தப்பைத் தடவியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். காற்று வீசிப் பனி விலகியது. கைக்கெட்டும் தூரம் என்றே சொல்லலாம், ஒரு மரை. கிளை கிளையாய்க் கொம்பு, நனைந்த பிடரி மயிர். இத்தனை பெரிய மானை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அது அவரைப் பார்த்தது. கொஞ்சமும் பதறவில்லை.

எவ்வளவு நேரம் நின்றாரோ. பயம் எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. சந்தோஷம் தாங்காமல் கம்பளியை உதறினார். தப்பு வெளியே வந்தது. பெரட்டு அடி இல்லை, திருவிழாவில் காமன் கூத்து ஆட அடிக்கிற அடி!

"அடப்பாவி!" என்று ஹசன் தலையில் கைவைத்தார்.

மரை பாய்ந்தது. அதோடு புல்வெளியே எழுந்து ஓடியது. வெறும் புல் என்று நினைத்த இடமெல்லாம் மரைகள் படுத்திருந்தன. பெட்டையும் குட்டியுமாக ஒரு பெருங்கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு காட்டுக்குள் போனது. டாக்டரம்மா சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினார். கணவர் குடையைக் கீழே போட்டுவிட்டார்.

திரும்பும் வழியில் அந்த அம்மா ஹசனிடம், "அடுத்த வருஷம் எங்க வீட்டு ஆளுங்க வருவாங்க. இவரையே அனுப்புங்க, மேளத்தோட" என்றார். ஹசன் செல்லசாமியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அது கோபம் இல்லை.

இதையெல்லாம் செல்லசாமியும் ஹசனும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். ஒத்துப்போனதை மட்டுமே எழுதியிருக்கிறேன். அடுத்ததை நானே பார்த்தேன். மறு ஞாயிறு விருந்தாளி யாருமில்லை. செல்லசாமி சோற்றுப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார். மீனம்மா நல்ல சேலை உடுத்தி வந்தாள்.

"தப்ப எடுக்கலியா?"

"அது கெடக்கட்டும் புள்ள. சத்தம் போடாம வா. ஒனக்கு ஒண்ணு காட்டணும்."