ஆமாவுக்குப் பிறகு ஒரு கேள்வி

ரோஸ்மேரி கஃப்னி நல்லவரா கெட்டவரா என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. பிலடெல்ஃபியாவில் மருந்து கம்பெனிகளுக்காகவே காலமெல்லாம் வாதாடிய வக்கீல் அவர். வழக்கு நீதிமன்றத்தில் விசாரணைக்கு வருவதற்கு முன்பே சாட்சிகள் வாக்குமூலம் கொடுக்கும் அறைகளில், பேசுவதையெல்லாம் சுருக்கெழுத்து எந்திரத்தில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அவருக்கு எதிரே இத்தனை வருடம் உட்கார்ந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்த மனுஷியைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒருநாளும் சலித்ததில்லை.

தெற்கு பிலடெல்ஃபியாவில் மீன்கடைக்காரர் மகள். செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குகிறவர்களைப் போலத்தான் டாக்டர்களையும் பார்ப்பார். மாத்திரையைப் பற்றி அவர்களைவிட அதிகம் படித்துவிட்டு வருவார். ஆனாலும் ஒன்றும் தெரியாதவர் மாதிரி மெதுவாகக் கேட்டுக்கொண்டே போய், கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார். இன்று தெரிவதெல்லாம் அன்றைக்கே தெரிந்திருந்தாலும் இதே மாத்திரையை எழுதிக் கொடுத்திருப்பீர்களா?

எங்கள் ஊர்ச் சட்டப்படி கம்பெனி எச்சரிக்க வேண்டியது டாக்டரைத்தான், நோயாளியை அல்ல. எச்சரித்திருந்தாலும் எழுதியிருப்பேன் என்று டாக்டரே சொல்லிவிட்டால், எச்சரிக்காததால் என்ன கெட்டுப்போனது? ஜூரியிடம் போகாமலே நீதிபதி வழக்கைத் தள்ளிவிடுவார். டாக்டர்களுக்கோ கௌரவம் பெரிது. இல்லை என்றால் தப்பு செய்ததாக ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. அதனால் ஏறக்குறைய எல்லாருமே ஆமாம் என்றார்கள். அந்த வார்த்தை வந்ததும் ரோஸ்மேரி பேனாவை மூடிவிடுவார். ஆமாம் கிடைத்த பிறகு வாயைத் திறக்காதே என்பதுதான் இந்தத் தொழிலில் சேருகிறவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம்.

டொரத்தியா ஜிலின்ஸ்கியின் வழக்கும் அப்படித்தான் முடியும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். முழங்கால் வலிக்குச் சாப்பிட்ட மாத்திரை கிட்னியைத் தின்றுவிட்டது. கிட்னியைப் பற்றி அந்த மாத்திரையோடு வந்த தாளில் அப்போது ஒரு வரிகூட இல்லை. ஜூரி தன் கதையைக் கேட்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அது நடக்குமா என்பது அவருடைய டாக்டரின் வாயில் இருந்தது.

லாங்காஸ்டரிலிருந்து வந்த ஸ்டோல்ட்ஸ்ஃபஸ் என்ற வயதான டாக்டர். சத்தியப் பிரமாணம் செய்துவைக்க நான் கையை உயர்த்தியதும் தலையை ஆட்டினார்.

"நான் சத்தியம் பண்றதில்லைம்மா. எங்க சபையில ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அதுக்கு மேல ஒண்ணும் சேக்கக்கூடாது."

சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது, உறுதிமொழி போதும். டொரத்தியாவின் வக்கீல் டெலூக்கா, எல்லா சாட்சியும் இப்படி இருந்தால் நமக்கெல்லாம் சோறு கிடைக்காது என்று கிண்டலடித்தார். ரோஸ்மேரி சிரிக்கவில்லை. டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் அந்தக் கேள்வி வந்தது. டாக்டர் பதில் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மூலையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த டொரத்தியாவைப் பார்த்தார். என் விரல்கள் சும்மா இருந்தன. மௌனத்துக்கு என் எந்திரத்தில் எழுத்து கிடையாது. சாட்சி தயங்குகிறார் என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் அது பதிவில் ஏறும். சொல்ல வேண்டிய டெலூக்கா மேஜைக்கடியில் போனை நோண்டிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஆமா," என்றார் டாக்டர்.

காகிதத்தில் அது வெறும் ஆமாம். டெலூக்காவின் தோள் தொங்கிப்போனது. டொரத்தியா கைப்பையை எடுத்துக்கொண்டார். ரோஸ்மேரி பேனா மூடியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் மூடவில்லை.

"இவ்வளவு நேரம் என்ன டாக்டர் யோசிச்சீங்க?"

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை.

"எழுதியிருப்பேன். ஆனா கிட்னிக்கு ஆபத்துன்னு தெரிஞ்சிருந்தா, அதச் சொல்லாம எழுதியிருக்க மாட்டேன். சொன்னா இவங்க வாங்கியிருப்பாங்களான்னுதான் யோசிச்சேன். இவங்க அண்ணன் கிட்னி கெட்டுத்தான் செத்தாரு. ரத்தம் சுத்தம் பண்ண இவங்கதான் அவர கூட்டிட்டுப் போவாங்க. சீட்டக் கிழிச்சு என் மூஞ்சிலயே போட்டிருப்பாங்க."

"கிழிச்சிருப்பேன்," என்றார் டொரத்தியா மூலையிலிருந்து. அதையும் தட்டினேன்.

அந்தப் பதிலுக்குப் பிறகு வழக்கை யாராலும் தள்ள முடியவில்லை. ஜூரி முன்னால் டொரத்தியா தன் கதையைச் சொன்னார், ஜெயித்தார். கம்பெனி தன் வழக்குகளையெல்லாம் ரோஸ்மேரியிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. கட்சிக்காரருக்குத் துரோகம் என்றார்கள் சிலர். வயசாகிவிட்டது என்றார்கள் சிலர். எனக்கோ தெரிந்துகொள்ளாமல் தலை வெடித்துவிடும் போலிருந்தது. நீதிமன்றத்துக்கு வெளியே, பிரெட்ஸல் என்ற முறுக்கு ரொட்டி விற்கும் வண்டியருகில் ஒருநாள் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"வாய் தவறி வந்துடுச்சா, இல்ல வேணும்னே கேட்டீங்களா?"

பிரெட்ஸலில் கடுகு விழுதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அவர்தான் முதல்ல யோசிச்சவர்னு நெனச்சியா, ஐரீன்? அவருக்கு முன்னாடியும் டாக்டருங்க இப்படி இருந்திருக்காங்க. நான்தான் பேனாவ மூடிடுவேன். ஒருத்தராவது என்ன யோசிச்சாருன்னு தெரிஞ்சுக்காம வீட்டுக்குப் போக முடியல."

பிறகு பிரெட்ஸலைக் கடிக்காமலே கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் சொன்னத நீ கேட்டிருக்க. அப்படித் தயங்கினவங்க யார் யார்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

எந்தக் காகிதத்திலும் அது இல்லை. எனக்கு ஞாபகம் இருந்தது. இருக்கு என்றேன்.

"சொல்லு," என்றார்.

முதல் பெயரைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.