கேட்டுத்தான் போனேன்

எங்கள் நிலத்துக்குப் போகும் பாதை பக்கத்து நிலத்துக்காரரின் களத்தை ஒட்டி இருந்தது. மாமனார் காலத்தில் மாட்டு வண்டி போனது. பிறகு டிராக்டர் போனது. நான் மரவள்ளி பிடுங்கும் நேரம் பார்த்து அவர் அங்கே கல் நட்டுக் கம்பி கட்டினார்.

"இன்னாண்ணே இது?" என்றேன்.

"எம் மவன் மனை போடப் போறான். அவங்கிட்ட பேசிக்க."

ஓடையைச் சுற்றித் தலைச்சுமையாகக் கிழங்கைக் கொண்டுவந்தேன். கல்வராயன் மலையில் மழை பிடித்தால் ஓடையில் கால் வைக்க முடியாது. பாதை இல்லாத நிலத்தை யாரும் குத்தகைக்குக்கூட எடுக்க மாட்டார்கள். கணவர் விட்டுப் போனது அது ஒன்றுதான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீல் வைத்து வழக்குப் போட்டேன். நான் சாட்சி சொல்ல வேண்டிய நாள் நெருங்கியது. வக்கீல் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"யாரையும் கேக்காம போய்க்கினு இருந்தோம். அப்படித்தான் சொல்லணும்."

"நான் கேட்டுத்தாங்க போவேன்."

"அதச் சொல்லிடாதீங்க."

"நடந்தது அதாங்க."

"நடந்ததெல்லாம் சொல்றதுக்கு வக்கீல் எதுக்கும்மா?" என்று சிரித்தார்.

பொய் சொல்ல எதற்கு வக்கீல் என்று எனக்குத் தோன்றியது. இந்த வக்கீல் வேண்டாம் என்று வழக்குக் காகிதக் கட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் சொல்லக் கூடாது என்று அவர் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் அடுத்தவர் களத்தை ஒட்டி வண்டி ஓட்டினால் ஒரு குரல் கொடுப்போம். "அண்ணே, வண்டி வரட்டுமா?" அவ்வளவுதான். களத்தில் நெல் காயும், பிள்ளை படுத்திருக்கும். கேட்காமல் நுழைந்தால் வளர்த்தவர்களைத்தான் பேசுவார்கள்.

கோர்ட்டில் நீதிபதி ஐயா கேட்டார்.

"வக்கீல் இல்லையாம்மா? இலவச சட்ட உதவி இருக்கு. எழுதிக் குடுங்க, ஒருத்தரப் போடுவாங்க."

"வேணாங்கய்யா. எம் பாதையப் பத்தி எனக்குத் தெரியும்."

அவர் இன்னொரு முறையும் சொன்னார். நான் தலையாட்டி மறுத்தேன். கூண்டில் ஏறினேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் தன்மையாகத்தான் பேசினார். "வண்டி ஓட்டும்போது களத்துக்காரரக் கேப்பீங்களாம்மா?"

"கேக்காம போற பழக்கம் எங்க குடும்பத்துல இல்லீங்க."

"ஒவ்வொரு வாட்டியும் கேப்பீங்களா?"

"ஒவ்வொரு வாட்டியுந்தான்."

"அவ்ளோதாங்கய்யா" என்று உட்கார்ந்துவிட்டார். நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

பிறகு பக்கத்து நிலத்துக்காரர் கூண்டில் ஏறினார். அவரைக் கேள்வி கேட்க என் முறை வந்தது.

"உம் பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் வந்த வண்டி எந்த நெலத்துல நின்னுச்சு? என் நெலத்துல. நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"கேள்வியாக் கேளுங்கம்மா" என்றார் நீதிபதி.

கேள்வி வரவில்லை. திட்டத்தான் வந்தது. நிலத்துக்காரர் கூண்டுக் கட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்கய்யா" என்று உட்கார்ந்துவிட்டேன்.

வழக்கு தள்ளுபடி ஆனது. அனுமதி கேட்டுப் போன பாதையில் உரிமை கொண்டாட முடியாதாம். கேட்டேன் என்று நானே என் வாயால் ஒப்புக்கொண்டேனாம்.

அப்பீலுக்குச் சட்ட உதவியில் எழுதிக் கொடுத்தேன். ஒரு பெண் வக்கீலைப் போட்டார்கள். வயசு கம்மி. நான் சொன்ன சாட்சியத்தைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"வண்டி வரட்டுமான்னு கேப்பீங்க. சரி. அதுக்கு அவரு இன்னா சொல்வாரு?"

"'உம் பாதைக்கு என்னை எதுக்கு கேக்கற, ஓட்டு'ம்பாரு. எப்பவும் அதான் சொல்வாரு."

பேனாவை வைத்துவிட்டார். "இத ஏம்மா கோர்ட்ல சொல்லல?"

"யாரும் கேக்கல."

"அவர் கூண்டுல நின்னப்ப நீங்க கேட்டிருக்கணும்மா. உம் பாதைன்னு சொன்னியா இல்லையான்னு. அது ஒண்ணு போதும், நீங்க கேட்டது மரியாதைக்குத்தான், அனுமதிக்கு இல்லன்னு ஆயிருக்கும்."

அந்த ஒரு கேள்விக்காகத்தான் வக்கீல் வேண்டும் என்று அப்போது புரிந்தது. ஆனாலும் கேட்காமல் போனேன் என்று சொல்லியிருக்க மாட்டேன். இன்றைக்குக் கூண்டில் ஏற்றினாலும் கேட்டுத்தான் போனேன் என்பேன். மிச்சத்தையும் சேர்த்துச் சொல்வேன்.

"அவர இன்னொரு வாட்டி ஏத்த முடியுமாம்மா?"

"மனு போடறேன். அப்பீல்ல லேசுல ஒத்துக்க மாட்டாங்க."

"ஏத்துனா அந்தக் கேள்விய நான் கேக்கறேன்."

"நீங்க பட்டது பத்தாதா? நான் கேக்கறேன், நீங்க சும்மா இருங்க."

"சரி, நீங்களே கேளுங்க. நான் எதிர்ல நிப்பேன். எம் மூஞ்சப் பாத்து இல்லன்னு சொல்லட்டும்."