பந்தி விசாரிக்க ஏழாவது ஆள்

தென்காசியில் எங்கள் சபை ஆவி நிறைந்தவர்கள் என்று ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தபோது, எழுந்த முதல் பெயர் என்னுடையதுதான். இது பொய். ஏழாவது பெயர். அந்த ஏழாவதும் முதலில் வேறொருவருக்காகச் சொல்லப்பட்டது; அவரைத் தட்டிவிட்டுத்தான் நான் அதில் ஏறி உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் சபைக் குருவானவரை ஐயர் என்போம், ஆராதனை நடக்கிற ஆலயத்தைக் கோவில் என்போம். ஐயர் எங்களை வரிசையாக முழங்காலில் நிறுத்தி ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து ஜெபித்தார். மற்ற ஆறு பேரும் எண்ணெய் தேய்த்து வகிடு எடுத்து வந்திருந்தார்கள். என் தலையில் குதிரைக்குப் போட்ட புல் ஒட்டியிருந்தது. ஐயர் கையை எடுத்தபோது ஒரு துரும்பு அவர் விரலோடு போனது. ஆவியானவர் அந்தப் புல்லைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார் என்று பல காலம் சொல்லிச் சிரிப்புக் காட்டியிருக்கிறேன். அந்த இடத்தில் முழங்காலிட்டிருக்க வேண்டியவர் புட்டு அண்ணாச்சி.

அது ஐம்பதுகளின் கடைசி. நான் தென்காசி ரயிலடியில் ஜட்கா வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தியிருக்கிறேன். படிப்போடு எனக்கு அதற்குமேல் பழக்கம் இல்லை. ஆனால் வாய் இருந்தது. ரயிலில் இருந்து குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களை என் வாயாலேயே வண்டியில் ஏற்றிவிடுவேன். கோவிலிலும் அப்படித்தான். பிரசங்கம் நீண்டால் பின்வரிசையில் நான் முணுமுணுக்கிற ஒரு சொல்லுக்கு நாலு பேர் தோளைக் குலுக்குவார்கள். அதை நான் ஒரு வரம் என்றே நம்பியிருந்தேன்.

புட்டு அண்ணாச்சிக்கு வாயே கிடையாது. நடு வயதில் ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்கு வந்தவர். மண்பானையும் மூங்கில் குழாயும் வைத்துப் புட்டு அவித்து விற்பார். சாரல் காலத்தில் குற்றாலத்தில், மற்ற மாதங்களில் தென்காசிச் சந்தைப் பக்கம். வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவராக ஜெபித்துக்கொண்டு வரும்போது அவர் முறை வந்தால், கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்பார். அவ்வளவுதான். அதற்குத் தந்தி ஜெபம் என்று பேர் வைத்தவன் நான். அவர் காதுபடவே சொல்வேன். "தந்தின்னா சீக்கிரம் போய்ச் சேந்துரும்லா" என்று அவரும் சிரிப்பார். அவர் அதை விளையாட்டாகச் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா என்று அன்றைக்கு நான் யோசித்ததில்லை.

குத்துக்கல்வலசையில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு அக்கா இருந்தாள். புருஷன் போனபின் பீடி சுற்றிப் பிழைத்தவள். முதலில் விரல் மூட்டுகள் வீங்கி இலை சுருட்ட முடியாமல் போயிற்று, பிறகு முழங்கால்களும் மடங்க மறுத்துவிட்டன. சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைப்பாள், பிறகு உட்கார்ந்துவிடுவாள். புட்டு அண்ணாச்சி தினமும் காலையில் ஒரு இலைப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்து, குடத்தில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுத்தான் வியாபாரத்துக்குப் போவார். யாரும் அவரிடம் செய்யச் சொல்லவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காவை என் வண்டியில் கோவிலுக்கு ஏற்றி வருவேன். வருகிற வழியில் அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அந்தக் காலத்தில் சபை வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது. கோவிலுக்குள் இடம் போதாமல் வாசலில் பாய் விரித்தோம். ஆள் பெருகியதும் மனத்தாங்கலும் பெருகியது. கப்பலில் வந்த பால்மாவும் கோதுமையும் ஏழைகளுக்கென்று கோவிலுக்கு வரும். டவுனில் இருக்கிற விதவைகளுக்கு அது ஒழுங்காகக் கிடைக்கிறது, வலசையிலும் சுற்றுப்பட்டிலும் இருக்கிறவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று பேச்சு வந்தது. பேச்சு உண்மைதான். ஆதிச் சபையிலும் இதே சங்கடம் வந்தது என்று ஐயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தார். அப்போஸ்தலர்கள் செய்ததுபோல நாமும் பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுப்போம், நற்பெயர் உள்ளவர்களாக, ஆவி நிறைந்தவர்களாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். பந்தி விசாரிப்பு என்றதும் எனக்குக் கல்யாண வீடுதான் கண்ணில் வந்தது. பாயாசம் யாருக்கு வரவில்லை என்று இலை இலையாகக் கேட்டுக்கொண்டு போகிற வேலை என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ஆராதனை முடிந்து தேர்வு நடந்தது. ஆறு பேர் மளமளவென்று வந்துவிட்டார்கள். ஜெபத்தில் அதிகம் அழுகிறவர், பாட்டில் அதிகம் கை தட்டுகிறவர், உடம்பு நடுங்க ஸ்தோத்திரம் சொல்கிறவர் என்று சத்தத்தை வைத்தே ஆவியை அளந்தோம். ஏழாவதற்கு ஐயர் சபையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. பெண்கள் எழுந்து பேசுகிற வழக்கம் அன்று இல்லை. வலசை அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள்.

"ஐயா, புட்டு அண்ணாச்சியப் போடுங்க. அவருட்ட ஆவி இருக்கு. எனக்குத் தெரியும்."

கோவில் ஒரு கணம் அமைதியாக இருந்தது. நல்ல அமைதி அது. ஐயர் முகம்கூட மலரத் தொடங்கியது. அப்படி ஒரு அமைதி கிடைத்தால் என் வாய் சும்மா இருக்காது.

"இருக்கத்தான் செய்யுது ஐயா," என்றேன். "அடுப்ப மூட்டுனா மூங்கில் குழாய் வழியா குபுகுபுன்னுல்லா வருது. தேங்காப்பூவோட."

கோவிலே சிரித்தது. பின்வரிசை சிரித்தது, ஏற்கெனவே தேர்வான ஆறு பேரும் சிரித்தார்கள், ஐயர் வாயைப் பொத்திக்கொண்டார். புட்டு அண்ணாச்சியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தூணை விடாமல் மெதுவாகச் சரிந்து கீழே உட்கார்ந்தாள். சிரிப்பு அடங்கியபோது அந்தப் பெயரும் அடங்கிவிட்டது. யாரோ என் முதுகில் தட்டி, "இவனையே போடுங்க ஐயா, வண்டி வச்சிருக்கான், நாலு ஊருக்கும் போவான் வருவான்" என்றார்கள். கைகள் உயர்ந்தன.

ஏழு பேருக்கும் இடம் பிரித்தார்கள். வலசை எனக்கு வந்தது. செங்கோட்டைக்குச் சவாரி போகும்போது அந்த வழியாகத்தான் போவேன் என்பதால் எல்லாருக்கும் அது பொருத்தமாகப் பட்டது. முதல் வாரம் அக்கா வீட்டில் இறங்கிக் கோதுமை கொடுத்தேன். அவள் வாங்கி வைத்தாள். வீங்கிய விரலோடு அவள் அதை எப்படிக் குத்துவாள், எப்படிக் காய்ச்சுவாள் என்று நான் நினைக்கவில்லை. அண்ணாச்சிதான் தினமும் வருவாரே என்று இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு, ஞாயிறு அவளைக் கோவிலுக்கு ஏற்றும்போது தவிர, வண்டியை விட்டு இறங்கவும் இல்லை. வருகிற வழியில் அண்ணாச்சி பேச்சை அவளும் எடுக்கவில்லை. அவள் வீட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. "அக்கா எப்படி இருக்கா?" என்று வண்டியில் இருந்தபடியே சத்தம் கொடுப்பேன். "இருக்காவ, இருக்காவ" என்பார் கடைக்காரர். விசாரித்தாயிற்று.

சாரல் தொடங்கியது. நாளைக்கு மூன்று நாலு தடவை குற்றாலத்துக்குச் சவாரி. போகும்போதெல்லாம் அருவிப் பாதையில் புட்டு அண்ணாச்சியைப் பார்த்தேன். ஓலைச் சார்ப்பு ஒன்று கட்டி அதிலேயே படுத்து எழுந்துகொண்டிருந்தார். முன் வருடங்களில் தென்காசியில் இருந்து தினமும் போய் வருகிறவர்.

"என்ன அண்ணாச்சி, இந்த வருசம் இங்கனயே டேரா போட்டுட்டிய?" என்று கேட்டேன்.

"அங்கன இனி எனக்கு என்ன சோலி இருக்குப்பா?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். நான் சிரித்துவிட்டு, நனைந்த தலையோடு நின்ற சவாரியை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். இவர் இங்கே இருந்தால் அங்கே யார் என்ற கேள்வி, ரயிலடிக்கும் அருவிக்கும் நடுவில் அத்தனை தடவை போய் வந்த எனக்குள் ஒருதடவை கூட வரவில்லை. கையில் மூன்றாம் வகுப்புப் படிப்புக்கூட இல்லை என்று என்னையே கேலி செய்துகொள்வேன். இதைத் தெரிந்துகொள்ளப் படிப்பு எதற்கு?

அக்காவின் பக்கத்து வீட்டில் தறி நெய்கிற முஸ்லிம் குடும்பம். அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் அக்காவுக்கு அவ்வப்போது கஞ்சி கொடுத்து வந்திருக்கிறார்கள். சாரல் நடுவில் ஒரு வாரம் அவர்கள் கல்யாணத்துக்காக வாசுதேவநல்லூர் போய்விட்டார்கள். ஒருநாள் டீக்கடைக்காரர், "கதவு சாத்திக் கெடக்கு, தூங்குதாவ போல" என்றார். தூங்கட்டும் என்று சொல்லிக் குதிரையைத் தட்டிவிட்டேன். மறுநாளும் கதவு சாத்தித்தான் இருந்தது. அது எனக்கும் வண்டியில் இருந்தே தெரிந்தது.

ஞாயிறு வந்தது. சீசன் கூட்டம் என்பதால் விடியவே இரண்டு சவாரி அடித்துவிட்டு நேராகக் கோவிலுக்கு வந்துவிட்டேன். அக்காவை ஏற்றப் போகவில்லை. ஆராதனைக்குக் குற்றாலத்தில் இருந்து இறங்கி வந்திருந்த புட்டு அண்ணாச்சி, முடிந்ததும் என் வண்டிப் பக்கம் வந்தார்.

"அக்காவக் கூட்டியாரலியா?"

"கூட்டம் அண்ணாச்சி, நேரமில்ல. நல்லாத்தான் இருக்கா. வெசாரிச்சேன்."

"யார்ட்ட வெசாரிச்ச?"

"டீக்கடையில."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அதுவரை என் வண்டியில் ஏறியதே இல்லை, எங்கும் நடந்துதான் போவார். வலசைக்கு ஓட்டினேன். என் வாய் தானாக மூடியிருந்தது அன்றுதான்.

கதவு உள்ளே தாழிடவில்லை, சும்மா சாத்தியிருந்தது. தள்ளியதும் திறந்தது. பாயில் கிடந்தாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. குடம் காய்ந்து கிடந்தது. நான் கொடுத்த கோதுமை, கட்டிய பை கட்டியபடியே மூலையில் இருந்தது. அண்ணாச்சி அவளைக் கைகளில் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் கிடத்தித் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினேன். சாரல் முகத்தில் அடித்தது. பின்னால் அவர்கள் பேசியது ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"கோவமா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"எனக்கு என்ன கோவம்மா?"

"நான் அன்னைக்கு எந்திரிச்சிருக்கக் கூடாது. உங்க பேரச் சொல்லி எல்லாரயும் சிரிக்க வச்சுட்டேன். அதான் நீங்க வரல. எனக்குத் தெரியும்."

"ஐயோ, இல்லம்மா. அப்படி இல்ல."

அவள் நம்பினாளா என்று தெரியாது. கண்ணை மூடிக்கொண்டாள். சிரிக்க வைத்தவன் நானல்லவா அக்கா என்று திரும்பிச் சொல்ல நினைத்தேன். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு குதிரையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் இறந்துவிட்டாள். மார்ச்சளி முற்றிவிட்டது, இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். மார்ச்சளி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்த்தேன். பின்னால் வந்த இரண்டு நாள் என்னை விடவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் போனபின் அண்ணாச்சி மண்மேட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். "என்னைய நாலு அடி அடிங்க அண்ணாச்சி" என்றேன்.

"நான் யாரு லே அடிக்க?" என்றார். "ஏழு பேரு தலையில கை வச்சு செபம் பண்ணியாச்சு. அதுக்கு மேலயும் நான் போனா, ஐயரு செஞ்சத நான் நம்பலன்னு ஆயிருமேன்னு நின்னுட்டேன். நீ பாத்துக்கிடுவேன்னு நம்பிட்டேன்." குனிந்து மேட்டில் சரிந்த மண்ணை ஒதுக்கிவிட்டு, "நம்பி இருந்தது என் தப்பு" என்றார். அடித்திருக்கலாம்.

நான் அந்த வேலையை விட்டு விலகிக்கொண்டேன். ஐயர் அடுத்த ஞாயிறு சபையின் முன்னால் புட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டு, ஏழாவது இடத்துக்கு வரும்படி கேட்டார். அவர் எழுந்து நின்று, "எனக்கு ஆவி குழாய்லதான் ஐயா இருக்கு" என்றார். என் சொல்தான். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. கேலியாகவும் அவர் சொல்லவில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. நான் அன்று விளையாட்டாகச் சொன்னதை, அவர் தன்னைப் பற்றிய உண்மை என்றே எடுத்துக்கொண்டு போயிருந்தார். அதற்குப் பிறகு ஜெபக்கூட்டத்தில் அந்த இரண்டு சொல்லையும்கூட அவர் சொல்லி நான் கேட்டதில்லை. முறை வந்தால் பக்கத்தில் இருப்பவரைத் தொட்டுவிடுவார்.

அந்த ஏழு பேரில் இன்று மிச்சம் நான் ஒருவன். சபை மலருக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள், ஆவி நிறைந்த முன்னோடி நீங்கள் என்கிறார் இப்போதுள்ள போதகர். எழுதத் தெரியாது என்று தப்பிக்கப் பார்த்தேன். நான் சொல்லச் சொல்ல எழுத மருமகளை உட்காரவைத்துவிட்டார்கள். அறுபதுகளின் நடுவில் புட்டு அண்ணாச்சி படுக்கையில் விழுந்தபோது நான் தினமும் போனேன், அதையாவது இதில் சேர்க்க வேண்டும். ஒருநாள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா பேரைச் சொல்லி, என்னிடம் ஒன்று கேட்டார். அது என்னவென்றால்,

"மாமா, மணி எட்டாவுது. பேனாவ மூடுதேன். படுத்துக் கெடக்க கீழத்தெரு டீச்சருக்குத் தெனமும் போல கஞ்சி ஊத்தி வச்சாச்சு. மழை தூறுது, கால் வேற வலிக்குங்கியளே. நீங்க இருங்க. நான் அந்தப் பக்கம் போறவங்க யார்ட்டயாவது குடுத்து விடுதேன், அப்படியே எப்படி இருக்காவன்னு கேட்டுட்டும் வரச் சொல்லுதேன்."

"வேண்டாம்மா. யார்ட்டயும் குடுக்காத. நான் போய்ப் பாத்துட்டு வாறேன்."