திருவிடந்தைக் கிணறும் எங்கள் அக்காவும்

மரியாதையாக எழுத வேண்டும் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். அதனால் இந்த நினைவு மலர்க் கட்டுரை முழுக்க அக்காவை 'அவர்' என்றுதான் எழுதப் போகிறேன். உயிரோடு இருந்தவரை 'ஏய்' என்று கூப்பிட்டவன் நான். இதைப் படித்திருந்தால், "இன்னாடா, செத்தாதான் மரியாதயா?" என்று கேட்டிருப்பார். ஆமாம் அக்கா, நம் வீட்டு வழக்கம் அதுதான்.

அக்கா அச்சரப்பாக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போட்ட குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். பிளஸ் டூ முடித்தார். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். குடும்பத்தில் படிப்பு என்று ஒன்று இருந்தால் அது அக்காவிடம்தான் இருந்தது. கல்யாணமாகி ஊரப்பாக்கம் வந்தார். மாமா கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். ஏரியை ஒட்டிய மனையில் இருவரும் வீடு கட்டினார்கள். முதல் மழை முடிவதற்குள் அலமாரியின் அடித்தட்டில் இருந்த அக்காவின் மார்க் ஷீட்டைக் கறையான் தின்றுவிட்டது.

"வுடு, இனிமே நீயும் நானும் ஒரே படிப்பு" என்றேன். துடைப்பம் பறந்து வந்தது.

கறையானுக்கு மருந்து அடிக்க வந்தவர்கள் நல்ல கோடையில், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த களிமண்ணில் ஊற்றிவிட்டுப் போனார்கள். மருந்து வெடிப்பு வழியே எங்கோ ஓடிவிட்டது. கறையான் ஆறே மாதத்தில் திரும்பி வந்தது. அந்த மருந்துக் கம்பெனிக்கே நியாயம் கேட்கப் போன அக்கா அங்கேயே ஃபோன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஆள் வராத ஒரு நாள் பம்பைத் தானே தூக்கினார். அதன்பிறகு கீழே வைக்கவில்லை. பிற்பாடு தனியாகத் தொழில் செய்தபோது டிரில் பிடிக்க நான் சேர்ந்துகொண்டேன்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அக்கா முதலில் உள்ளே நுழைய மாட்டார். சுவரோரம் குனிந்து ஒரு பிடி மண் எடுத்து நசுக்கிப் பார்ப்பார்.

"கைரேகை பாத்தாச்சா? மண்ணுக்கு எப்போ கல்யாணம்?" என்பேன்.

"உனக்கு ஆன பொறவு" என்பார்.

ஏரி மண் என்றால் மழை விட்டு, ஈரம் பாதி காய்ந்த தை, மாசிதான் அவருக்குப் பிடிக்கும். கோடையில் கட்டாயம் செய்தே ஆக வேண்டுமென்றால் முந்தின நாளே சுவரோரம் தண்ணீர் விடச் சொல்வார். வெடிப்பு மூடிய பிறகு ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு, ஒவ்வொரு துளையும் நிரம்பித் தளும்பும் வரை மெதுவாக மருந்து விட வேண்டும். கடற்கரை மணலில் இந்தக் கணக்கே வேறு. அங்கே துளை நிரம்பாது. விட்டது விட்டபடி கீழே போகும். கிணறு பக்கத்தில் இருந்தால் மண்ணில் ஒரு சொட்டும் விடக் கூடாது. நிலைக்கும் கதவுக்கும் மரத்தில் பூசுவதோடு சரி. இதை அக்கா எனக்கு எத்தனை முறை சொன்னார் என்று எண்ணவில்லை. நான் எதையும் கேட்கவும் இல்லை.

இனி எழுதப் போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை நான் கேட்டு வாங்கினேன்.

ஓர் ஆனி மாதம் கடற்கரையை ஒட்டிய திருவிடந்தையில் ஒரு வேலை. அக்கா காய்ச்சலோடுதான் வந்திருந்தார். "முன்பக்கம் நான் பாக்குறேன். பின்னாடி நெலைக்கு மட்டும் பூசு. மண்ணத் தொடாத, கெணறு கீது" என்று சொல்லி அனுப்பினார். பின்பக்கம் சமையலறைச் சுவர் நெடுகக் கறையான் கோடு ஏறியிருந்தது. மரத்தில் பூசினால் இது போகுமா என்று எனக்கு ஒரு பெரிய அறிவு வந்தது. நான்கு துளை போட்டேன். ஒரு வாரமாக ஊரப்பாக்கம் களியில் வேலை செய்த கை. துளை தளும்பட்டும் என்று ஊற்றினேன். தளும்பவில்லை. அடியில் புற்று இருக்கிறது போல என்று இன்னும் ஊற்றினேன். கேன் காலியானதும் அக்கா வந்தார்.

"இன்னா நைனா, அவ்ளோவும் எங்க போச்சு?"

"இந்த வூட்டு மண்ணுக்கு ரொம்பத் தாகம்க்கா" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. துளையைப் பார்த்தார். பத்தடி தள்ளியிருந்த கிணற்றைப் பார்த்தார். கையுறையைக் கழற்றிவிட்டு நேரே வீட்டுக்கார அம்மாவிடம் போனார்.

"அம்மா, தப்பு நடந்துபோச்சு. நான்தான் ஊத்திட்டேன். இனிமே கெணத்துத் தண்ணிய வாயில வெக்காதீங்க. கொழந்தைங்களுக்கும் குடுக்காதீங்க. சுத்தமாவற வரைக்கும் தண்ணி நான் கொணாந்து தரேன்."

'நான்தான்' என்றார். பின்னால் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. எப்போதும் மூடாத வாய்.

ஆனியில் தொடங்கி கார்த்திகை வரை தினமும் காலையில் லோடு வண்டியில் கேன் தண்ணீர் கொண்டுபோனார். ஆள் வைத்துக் கிணற்றை மூன்று முறை இறைத்துப் பார்த்தார். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து, சரியில்லை என்று வந்தால் மறுபடி கொடுத்தார். தண்ணீர் இறக்கிவிட்டுத்தான் அன்றைய வேலை. வீட்டுக்கு வந்தால், "அசதியா கீதுடா" என்று சுவரில் சாய்ந்துவிடுவார். கேன் தூக்கித் தூக்கி வலது தோள் இறங்கிப்போனது. மழை கொட்டித் தீர்த்த பிறகுதான் தண்ணீர் நல்லதென்று தாள் வந்தது.

ஒருநாள் கேட்டேன். "ஏன்க்கா நீ ஒத்துக்கினே?"

"உன் பேர்ல இருந்தா நாளைக்கு உன்ன எவன் வூட்டுக்குள்ள வுடுவான்? எனுக்குக் கொஞ்சம் பேரு கீது. போனா போவுது. பம்ப கழுவி வை."

பேர் போகத்தான் செய்தது. பழைய வாடிக்கைக்காரர்கள் ஃபோனை எடுக்கவில்லை. அடுத்த தையில் நம் குடும்பக் கல்யாணம் ஒன்று நடந்ததே, பந்தியில் அக்கா தண்ணீர் ஜக்கை எடுத்தபோது பெரியம்மா சொன்னது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

"அம்மாடி, நீ மட்டும் தண்ணி ஊத்தாத. அப்பறம் பந்தியே காலியாயிடும்!"

எல்லோரும் சிரித்தோம். பெரியம்மா கேலியாகத்தான் சொன்னார், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அங்கே எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். அக்கா ஜக்கை வைத்துவிட்டு அப்பளக் கூடையை எடுத்துக்கொண்டார். அதன்பிறகு எந்த விசேஷத்திலும் அவர் யாருக்கும் தண்ணீர் ஊற்றியதில்லை.

போன ஐப்பசியில், முதல் மழைக்கு ஈசல் கிளம்பிய வாரம், வேலையெல்லாம் முடித்து மாலை வந்தார். கைகால் கழுவி நாற்காலியில் உட்கார்ந்தார். "அசதியா கீதுடா. மோட்டார் போடு" என்றார். போட்டேன். தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. "மகாராணி, தண்ணி போவுது, எழுந்துக்க மாட்டீங்களா?" என்றேன். அக்கா எழுந்திருக்கவில்லை.

இந்த மலர் அச்சுக்குப் போகும் முன் திருவிடந்தை போய் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஊத்துனது நீயா இருந்துட்டுப் போ. அந்தக் கேனுல ஒண்ணாவது நீ தூக்கினியா?"

இல்லை. வண்டி ஓட்டினேன். இறக்கியதெல்லாம் அக்கா.

கடைசிக் காரியங்களில் கூட நின்ற மாமாவின் டிரைவர் நண்பர்களுக்கும், மழையில் பந்தல் போட்டுக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், அழைக்காமலே வந்து ஓரமாக நின்றிருந்த திருவிடந்தை அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரியம்மாவுக்கு யாராவது இதைப் படித்துக் காட்டுங்கள். கிணற்றில் மருந்து விட்டவன் நான். அக்கா இல்லை.

வருஷத் திதி அன்று பந்தியில் தண்ணீர் நான்தான் ஊற்றுவேன். பயமாக இருப்பவர்கள் தம்ளரைக் கவிழ்த்து வைத்துக்கொள்ளலாம். சிரிக்க வேண்டுமானால் என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.