"எப்படி வந்தீங்க?" என்று கேட்ட அக்கா

டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேட்டு லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளின் கடைசிக் காம்பராவில் பிறந்தவர் எங்கள் அக்கா. அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்குக் கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை. அக்கா டாக்டரான அன்று தோட்டமே பட்டாசு கொளுத்தியது. அவருக்கோ அந்தச் சத்தம் ஆகாது, காதைப் பொத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். பெருமையை எல்லாம் நாங்கள்தான் அனுபவித்தோம்.

இந்த நினைவுப் புத்தகத்துக்கு அவருடைய நற்குணங்களை எழுதச் சொன்னார்கள். பொறுமை என்று எழுதினால் அக்காவே சிரிப்பார். நல்ல கோபக்காரர். அந்தக் கோபம் அவர் மேலேயே திரும்பிய கதையை அவரே எல்லோரிடமும் சொல்வார் என்பதால் நானும் சொல்கிறேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வலியோடு ஒரு பெண் வந்தார். குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது. "இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்க?" என்று அக்கா ஏசிவிட்டார். அந்தப் பெண் அக்காவின் முகத்தையே பார்த்துவிட்டு, "நீங்க மேட்டு லயத்துப் புள்ளதானே? நம்ம ரோட்டு ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாராம். அவரைக் கம்பளியில் தூக்கி மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்து, கொழுந்து லொறியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அன்று அக்கா சாப்பிடவில்லை.

பிறகு மருத்துவபீடத்தில் விரிவுரையாளரானார். ஒரே பிடிவாதம். மாணவர்கள் நோயாளியிடம் என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்பதற்கு முன்னால், "எப்படி வந்தீங்க?" என்று கேட்க வேண்டும். எவ்வளவு தூரம் நடந்தார், யார் தூக்கினார்கள் என்று பெயரோடு எழுத வேண்டும். சிங்களப் பிள்ளைகளும் அந்த ஒரு கேள்வியையாவது தமிழில் பழக வேண்டும். ஒரு பெரிய பேராசிரியர் கூட்டத்தில், "இது வைத்தியமா, பஸ் டைம்டேபிளா?" என்று கேட்டாராம். பாடத்தில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அக்கா வருடாவருடம் திகதியை மட்டும் மாற்றி அதே கடிதத்தைக் கொடுத்தார்.

மாணவர்களைத் தோட்டத்துக்கும் கூட்டி வந்தார். ஒருவர் கம்பளியில் படுக்க, மற்றவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு இறங்க வேண்டும். வழுக்கி விழுந்தவர்களைப் பார்த்து நான் சிரித்தேன். "சிரிக்காத தம்பி. இவங்க விழுந்தா எழும்பிடுவாங்க," என்றார். அடுத்த தடவை நான் என் வேனில் தேத்தண்ணி கொண்டுபோனேன்.

கடைசியில் அந்தக் கேள்வி பாடத்தில் சேர்ந்தது. அக்காவுக்கு மட்டும் நிம்மதி இல்லை. ஓய்வுபெற்று எங்களோடு வந்து இருந்த நாட்களிலும், "பரீட்சைக்குக் கேப்பாங்க தம்பி. நான் இல்லாட்டி, யாரும் பாக்காட்டி, கேப்பாங்களா?" என்பார். வேன் ஓட்டுகிறவன் நான், வேனைக் கழுவப் போய்விடுவேன்.

போன மழைக்காலத்தில் அவருக்கு மூச்சுத் திணறியது. ரோட்டில் மண் சரிந்து வேன் மேலே ஏறவில்லை. லயத்து ஆட்கள் நான்கு பேர் அக்காவைக் கம்பளியில் தூக்கி, கீழே நின்ற வேனுக்குக் கொண்டு வந்தார்கள்.

வார்டுக்கு ஒரு சிங்கள மாணவி வந்தார். அக்கா யாரென்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் பெரிய டாக்டர் யாரும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அம்மா, எப்படி வந்தீங்க?" என்றார்.

"வேன்ல," என்றேன். எல்லாம் கௌரவம்தான்.

அக்கா ஒட்சிசன் மாஸ்க்கை விலக்கினார். "முழுசா சொல்லு தம்பி."

சொன்னேன். அந்தப் பிள்ளை ஒவ்வொரு பெயராகக் கேட்டுக் கேட்டுத் தாளின் மறுபக்கம் வரை எழுதினார். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எதையும் திருத்தாமல் அவர் ஒரு தாளைத் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. அன்று நன்றாகத் தூங்கினார். மூன்றாம் நாள் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்த உறவினர்களுக்கும், அக்காவின் மாணவர்களுக்கும், சமையலுக்குத் தோள் கொடுத்த லயத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவைச் சுமந்த நால்வரின் பெயர்களையும் எழுதத்தான் உட்கார்ந்தேன். "எங்க பேரெல்லாம் எதுக்குப்பா புத்தகத்துல?" என்று மறுத்துவிட்டார்கள். பரவாயில்லை. அந்தப் பெயர்கள் ஆஸ்பத்திரித் தாளில் இருக்கின்றன. யாரும் பார்க்காதபோதும் கேட்டு, ஒரு பிள்ளை எழுதி வைத்தது.