கண்ணாடி போட்ட அபராதச் சீட்டு

அமெரிக்காவில், சுகர் லேண்ட் என்ற ஊரில் நண்பர் என்னை ஒரு பங்களாதேஷ்காரரின் மீன் கடைக்கு அழைத்து வந்திருக்கிறார். கல்லாவுக்கு மேலே, கண்ணாடி போட்டு ஒரு காகிதம் தொங்குகிறது. இங்கே கடைகளில் முதல் வியாபாரத்து டாலரை இப்படி மாட்டுவார்கள். இதுவோ, வேகமாகக் கார் ஓட்டியதற்குப் போலீஸ் கொடுத்த அபராதச் சீட்டு.

"ஸ்பீடிங் டிக்கெட்டைப் போய் யாராவது ஃபிரேம் பண்ணுவாங்களா?" என்று நண்பர் என் காதில் சிரிக்கிறார். எனக்கு வாய் சும்மா இருக்காது. கடைக்காரரிடமே ஆங்கிலத்தில் கேட்டுவிடுகிறேன்.

மீனின் செதிலைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே சொல்கிறார். அவருடைய அண்ணன் மூன்று முறை எம்.பி., ஒரு முறை மந்திரி. அங்கே ஆட்சி கவிழ்ந்ததும், டாக்காவில் ஊர்வலம் போன மாணவன் ஒருவனைச் சுட்டுக் கொன்றதாக வழக்குப் போட்டார்கள். குற்றம்சாட்டப்பட்டவர்களில் முதல் பெயர் அண்ணனுடையது. பதினேழாவது பெயர் இவருடையது.

"அந்தப் பையனைச் சுட்ட அதே நாள் நான் இங்க ஃப்ரீவேல மாட்டிக்கிட்டேன். அந்தப் போலீஸ்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்ப, நான் அங்க இல்லைங்கறதுக்கு அவன் கையெழுத்துதான் சாட்சி."

"அன்னிக்கு உங்க அண்ணன் எங்க இருந்தார்?" என்று கேட்கிறேன்.

கத்தி நிற்கிறது.

"அவர் அரெஸ்ட் ஆகறதுக்கு முன்னாடி போன்ல நானும் அதைத்தான் கேட்டேன். 'நீயுமா கேக்கறே?'ன்னு போனை வெச்சுட்டார்."

குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த மீனை மறுபடியும் கழுவ ஆரம்பிக்கிறார்.