மூன்று மணிக்கு வந்த மதாம்

ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் ஸ்கூல் பஸ் ஓட்டும் வேரோனிக்காவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: மனுசி நேரம் தவறாது. பனி கொட்டட்டும், காற்று வீசட்டும், அவளுடைய மஞ்சள் பஸ் சந்தியில் திரும்புவதைப் பார்த்து மணிக்கூட்டைத் திருத்துகிற தாய்மார் ஸ்ரீல்ஸ் வீதிப் பக்கம் இன்றைக்கும் இருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவள்தான் தன் வாழ்க்கையின் பெரிய காரியத்தில் நேரத்தைக் கோட்டைவிட்டாள். அதுவும் கொஞ்சநஞ்சமில்லை, முழுசாக ஒரு மணித்தியாலம்! ஐரோப்பாவிலிருந்து வந்த பெரிய தலை ஒன்றை வெறும் கதிரைகளுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

வேரோனிக்கா பேசாலைக்காரி. மன்னாரை விட்டுப் புறப்பட்டு, பாரிஸில் சில வருஷம் இருந்து, பிரெஞ்சைப் பிழையோடும் பயமில்லாமலும் பேசப் பழகினாள். பிறகு பஸ்ரியனைக் கட்டிக்கொண்டு ரொறன்ரோ வந்து சேர்ந்தாள். ஊரில் காணாமல் போனவர்களைத் தேடும் தாய்மாரும் சகோதரிகளும் மில்லிக்கனில் மாதம் ஒருமுறை கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி, செயலாளர், தேத்தண்ணி ஊற்றுகிற ஆள் எல்லாம் அவள்தான். சைவம், கிறிஸ்தவ வேதம் என்ற பேதமெல்லாம் அங்கே கிடையாது. கையில் ஒரு படம் இருந்தால் வந்து உட்காரலாம்.

அவள் கைப்பையிலும் ஒரு படம் இருந்தது. தம்பி ஜூலியஸின் படம். ஆனால் கூட்டத்தில் அதை அவள் வெளியே எடுத்ததே இல்லை. "அம்மாமார் முதல்லை கதைக்கட்டும்" என்று சொல்லித் தேத்தண்ணிக் கேத்திலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு பெரிய மனக்குறை இருந்தது. அரசியல்வாதிகள் வருவார்கள், மாலை வாங்குவார்கள், அம்மாமாரைக் கட்டிப்பிடித்துப் படம் எடுப்பார்கள். பிறகு ஆளைக் காணக் கிடைக்காது. கூட்டத்தில் மூத்தவரான இராஜேஸ்வரி அக்கா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"உவை எல்லாரும் ஒருக்கா வாறவைதான் பிள்ளை. ரெண்டாந்தரம் வந்தவை ஆரும் இருக்கினமே?"

அந்தக் கேள்வி வேரோனிக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆகவே, ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து நடத்தும் ஒரு மனித உரிமை மன்றத்தின் பொதுச்செயலாளர் கனடா வருகிறார் என்று செய்தியில் கேட்டதும் பிடித்த பிடியை அவள் விடவில்லை. ஒட்டாவாவில் அமைச்சர்களோடு பேச்சு, ரொறன்ரோவில் பல்கலைக்கழக விருந்து என்று அந்த அம்மாவுக்கு மூச்சுவிட நேரமில்லாத பயணம். வேரோனிக்கா பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த கையோடு மன்றத்தின் அலுவலகத்துக்குப் போன் எடுப்பாள். ஆள் மாற்றி ஆள் மாற்றி, கடைசியில் லூக்காஸ் என்ற இளம் உதவியாளன் அகப்பட்டான். இவளுடைய தொல்லை தாங்காமல் முக்கால் மணித்தியாலம் ஒதுக்கித் தந்தான்.

"மதாம் வந்து கேட்பார். ஆனால் வாக்குறுதி எதுவும் கொடுக்கமாட்டார்" என்று பிரெஞ்சில் கறாராகச் சொன்னான்.

"சரி, கேட்கட்டும்" என்றாள் வேரோனிக்கா. மனதுக்குள் அவள் வைத்திருந்தது ஒரேயொரு வேண்டுகோள். மதாம் இன்னொருமுறை வரவேண்டும்.

இனித்தான் கூத்து. எங்கள் ஆட்களின் அழைப்பிதழ்கள் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐந்து மணி விழாவென்றால் நாலு என்று அடிப்போம். நாலு என்று கண்டதும் சனம் தானாக ஐந்து என்று எடுத்துக்கொள்ளும். இதில் பொய்யுமில்லை, ஏமாற்றுமில்லை, இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த கணக்கு. மதாம் வருவது நாலு மணிக்கு என்று பேசியிருந்ததால் வேரோனிக்காவும் வழக்கம்போல மூன்று மணி என்று தமிழில் அடித்தாள். அதைப் பார்த்து இங்கிலிசிலும் ஒன்று அடித்து, மரியாதைக்கு லூக்காஸுக்கும் அனுப்பிவைத்தாள். நேரத்தை மாற்ற மறந்துபோனாள். நேரம் மாறியிருக்கிறது என்று எண்ணிய லூக்காஸ், கெட்டிக்காரன், மதாமின் நிகழ்ச்சி நிரலையே மூன்று மணிக்குத் திருத்திவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை, பிளாசாவில் இருந்த சின்ன மண்டபத்தில் வேரோனிக்காவும் பஸ்ரியனும் மட்டும் நின்றார்கள். அவள் ஏப்ரனோடு மேசைவிரிப்பு விரித்துக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் நின்று வடையை ருசி பார்த்துக்கொண்டிருந்தான்.

"இஞ்சாரும், மூண்டு கறுப்புக் கார் வருது" என்றான் பஸ்ரியன்.

"மரக்கறிக் கடைக்கு வாறவையா இருக்கும்."

"கொடி கட்டின காரிலை ஆரப்பா கத்தரிக்காய் வாங்க வருவினம்?"

வேரோனிக்கா எட்டிப் பார்த்தாள். முதல் காரிலிருந்து இறங்கிய இளைஞன் லூக்காஸாகத்தான் இருக்கவேண்டும். சுவர் மணிக்கூட்டில் சரியாக மூன்று மணி. லூக்காஸ் கையில் அவள் அனுப்பிய அந்த அழைப்பிதழைக் கண்டதும்தான் நடந்தது என்னவென்று அவளுக்கு விளங்கியது. ஐயோ கடவுளே, இதென்ன கோதாரி! கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு இராஜேஸ்வரி அக்காவுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, எங்கை நிக்கிறியள்?"

"வாறன் பிள்ளை, வந்துகொண்டே இருக்கிறன்."

எங்கள் ஆட்கள் 'வந்துகொண்டிருக்கிறன்' என்றால் இன்னும் செருப்புப் போடவில்லை என்று அர்த்தம். வேரோனிக்காவுக்கு அது தெரியாதா? ஆனால் போனுக்குப் பின்னால் தலைமயிர் உலர்த்தும் மெசின் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. "அன்ரி, ஸ்ரில்லா இருங்கோ, மூவ் பண்ணாதேங்கோ" என்று ஒரு பிள்ளையின் குரலும் கேட்டது. அது ஜெசிகாவின் குரல். ஜெசிகாவின் பியூற்றி பார்லர் இதே பிளாசாவில் நாலு கடை தள்ளி இருக்கிறது. பின்னால் கேட்ட கலகலப்பிலிருந்து மற்ற அக்காமாரும் அங்கேதான் என்று தெரிந்தது.

மதாம் உள்ளே வந்தார். அறுபது வயதிருக்கும், மெலிந்த உருவம், குதியில்லாச் சப்பாத்து. வெறும் கதிரைகளைப் பார்த்தார். வேரோனிக்காவைப் பார்த்தார். லூக்காஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் அடுத்த சந்திப்புக்கு நேரத்தோடு போய்விடலாம் என்று மெல்லச் சொன்னான். அது வேரோனிக்காவின் காதில் விழுந்தது. இப்போது வாயைத் திறக்காவிட்டால் அந்தக் கார்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விடும், இத்தனை நாள் பட்ட பாடும் அதோடு போய்விடும்.

"மதாம், பிழை என்னுடையது" என்று பிரெஞ்சில் தொடங்கினாள். அழைப்பிதழ்க் கணக்கை ஒளிக்காமல் சொன்னாள். "அவர்கள் வராமல் விடவில்லை. உங்களைப் பார்க்க வருவதற்காகத்தான் நாலு கடை தள்ளித் தலை இழுத்து அலங்காரம் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் இங்கே வந்துசேர உங்கள் நேரம் முடிந்துவிடும். நீங்கள் அங்கே வருவீர்களா?"

"அது நிகழ்ச்சி நிரலில் இல்லை" என்றான் லூக்காஸ்.

"இதுவும்தான் நிகழ்ச்சி நிரலில் இல்லை" என்று வெறும் கதிரைகளைக் காட்டினார் மதாம். பிறகு வடைத் தட்டோடு முழித்துக்கொண்டு நின்ற பஸ்ரியனைப் பார்த்து, "அதையும் கொண்டு வாருங்கள்" என்றார்.

பார்லர் கதவு திறந்ததும் எழுந்த கூச்சலைக் கேட்டிருக்கவேண்டும்! ஒருத்திக்குப் பாதித் தலை சுருள், பாதித் தலை நேர். இன்னொருத்தி சேலையின் கொய்யக மடிப்பை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள். இராஜேஸ்வரி அக்கா தலைமயிருக்கு மை பூசி, பிளாஸ்ரிக் தொப்பி போட்டு, நடுநாயகமாக வீற்றிருந்தார்.

"அடி வேரோனிக்கா! இந்தக் கோலத்திலையோ கொண்டுவந்து நிப்பாட்டுறாய்? மானம் போச்சே!"

மதாம் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு கண்ணாடியின் விளிம்பிலும் ஒரு படம் செருகியிருந்தது. கைப்பையில் கசங்கிவிடும் என்று அம்மாமார் தங்கள் பிள்ளைகளின் படங்களை அங்கே வைத்திருந்தார்கள். தலை இழுக்கும் நேரமெல்லாம் தங்கள் முகத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

மதாம் தலை கழுவும் கதிரையை இழுத்துப்போட்டு இராஜேஸ்வரி அக்காவுக்கு முன்னால் உட்கார்ந்தார். "இவர் யார்?" என்று கண்ணாடியில் இருந்த படத்தைக் காட்டிக் கேட்டார்.

அக்கா வெட்கத்தையெல்லாம் மறந்துவிட்டார். "மகன், கீதன். எனக்கு ஒரே பிள்ளை" என்று தொடங்கினார். வேரோனிக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாகப் பிரெஞ்சில் சொன்னாள். கடைசியாக அவனை எங்கே கண்டது, என்ன நிறச் சட்டை, ஆரோடு போனான் என்றெல்லாம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தபோது மை நெற்றியில் வடியத் தொடங்கியது.

ஜெசிகா பதறினாள். "அன்ரி, டைம் ஆச்சு, இப்ப கழுவோணும். இல்லாட்டி ஸ்கின் எரியும்!"

"எரிஞ்சா எரியட்டும் பிள்ளை. நான் இதைச் சொல்லி முடிக்கோணும்."

ஜெசிகா ஒரு துவாயை எடுத்து நெற்றியைத் துடைத்துத் துடைத்து விட்டாள், அக்கா சொல்லி முடித்தார். அதன்பிறகு ஒருத்தர் மிச்சமில்லாமல் பேசினார்கள். மண்டபத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் பேசவென்று எழுதிப் பாடமாக்கியிருந்த பேச்சுகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. வீட்டுக்கு வந்த ஒருத்தியிடம் சொல்லுகிற மாதிரிச் சொன்னார்கள். லூக்காஸ்கூடக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வேகவேகமாகக் குறிப்பெடுத்தான். வேரோனிக்காவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் அக்காமாரைப் பாருங்கள், சுருள் குத்திய தலையோடு எப்படிப் பேசுகிறார்கள் என்று ஊருக்கெல்லாம் கூப்பிட்டுக் காட்டவேண்டும்போல இருந்தது.

நேரம் முடிந்தது. மதாம் எழுந்து வேரோனிக்காவைப் பார்த்தார்.

"நீங்கள் யாரைத் தேடுகிறீர்கள்?"

இந்தக் கேள்வியை வேரோனிக்கா எதிர்பார்க்கவில்லை. அவளிடம் அதை யாரும் கேட்டதுமில்லை. கைப்பையைத் திறந்து படத்தை எடுத்தாள்.

"என் தம்பி ஜூலியஸ். சைக்கிளை எடுத்துக்கொண்டு மன்னார் ரவுணுக்குப் போனான். வாசலில் நின்று 'அக்கா, வாறன்' என்று சொன்னான்." படத்தை மதாமின் பக்கம் திருப்பிக் காட்டினாள். "எங்கள் ஆட்கள் புறப்படும்போது போகிறேன் என்று சொல்லமாட்டார்கள், மதாம். வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். இங்கே இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அதனால்தான் நாங்கள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறோம்."

அவள் பிரெஞ்சில் என்ன சொன்னாள் என்று அக்காமாருக்குத் தெரியாது. ஆனால் நடுவில் வந்த 'வாறன்' எல்லோருக்கும் கேட்டது. இரைந்துகொண்டிருந்த கடைசி மெசினையும் ஜெசிகா நிறுத்தினாள்.

"எங்களுக்கு ஒரேயொரு வேண்டுகோள்" என்றாள் வேரோனிக்கா. "இங்கே வந்தவர்கள் யாரும் இரண்டாம்முறை வந்ததில்லை. நீங்கள் வரவேண்டும்."

மதாம் அந்த 'வாறன்' என்ற சொல்லைத் திருப்பிச் சொல்லித் தரச் சொன்னார். லூக்காஸ் குனிந்து, "மதாம், அது வாக்குறுதி ஆகிவிடும்" என்றான்.

"தெரிந்துதான் கேட்கிறேன்" என்றார் மதாம். வாசலுக்குப் போய்த் திரும்பி நின்று, எல்லோரையும் பார்த்து, நாக்கு இடற இடற, "வா...றன்" என்றார்.

"ஓம், வாங்கோ மகள்" என்றார் இராஜேஸ்வரி அக்கா.

அதன்பிறகு மாதக்கணக்காக ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து நகரமான மார்க்கத்தின் கலியாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரித்தவர்களும் உண்டு. "வெள்ளைக்காரி ஒரு தமிழ்ச் சொல் சொன்னவுடனை உங்களுக்குத் தலைகால் தெரியேல்லை" என்றார்கள். வேரோனிக்கா விட்டுக்கொடுப்பாளா? "அவ எங்களை மாதிரி இல்லை. சொன்ன நேரத்துக்கு வாற மனுசி. என்ரை கண்ணாலை கண்டனான்" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டு ஐஸ்கிறீமை எடுத்துக்கொண்டு போவாள். பஸ்ரியன் மட்டும் வீட்டில் மெல்லக் கேட்பான்: "உண்மையாவே வருவாவோ?" அவள் எழும்பிப்போய்த் தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் வைப்பாள்.

அடுத்த வசந்தத்தில் லூக்காஸ் போன் எடுத்தான். மதாம் மறுபடி ஒட்டாவா வருகிறார், ஒரு பின்னேரம் முழுவதும் மில்லிக்கனுக்கு என்று ஒதுக்கச் சொல்லியிருக்கிறார். நாலு மணி என்றான். "உங்கள் நாலா, எங்கள் நாலா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். பிறகு, போகும்போது 'வாறன்' என்றால் வந்துசேரும்போது சொல்வது எது என்று மதாம் கேட்கச் சொன்னதாகச் சொன்னான். வேரோனிக்கா அதைச் சொல்லிக் கொடுத்தாள். போனை வைத்துவிட்டு, நிறுத்தியிருந்த பஸ்ஸின் ஓட்டுநர் இருக்கையிலேயே கொஞ்ச நேரம் அழுதாள்.

இந்தமுறை அழைப்பிதழில் நாலு என்றே அடித்தாள். ஆனால் அன்றைக்கு மூன்று மணிக்கு மண்டபத்தைத் திறக்க அவள் போனபோது வாசலில் அக்காமார் எல்லோரும் நின்றார்கள். தலை இழுத்து, பூ வைத்து, படங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். "என்ன பிள்ளை, பிந்தி வாறாய்?" என்று கேட்டார் இராஜேஸ்வரி அக்கா. ஒரு கதிரைகூட வெறுமையாக இல்லை. வேரோனிக்காவும் அன்று கேத்திலைப் பஸ்ரியனிடம் கொடுத்துவிட்டு, ஜூலியஸின் படத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

நாலு மணிக்குக் கறுப்புக் கார்கள் வந்து நின்றன. மதாம் இறங்கி வாசற்படியில் ஏறினார். அந்தச் சொல்லை எத்தனை தரம் சொல்லிப் பார்த்திருப்பாரோ, இந்தமுறை நாக்கு இடறவில்லை.

"வந்திட்டன்" என்றார்.

வேரோனிக்கா எழுந்து நின்றாள். அவளோடு எல்லோரும் எழுந்து நின்றார்கள்.